ஒன்றை அமத்துங்கோ

இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பி மீன் கெடப்போகிறது என்று சொல்லும் அதிகாரத்தை ஒரு பெட்டிக்குக் கொடுத்தவர் என் மனைவியின் தம்பி. திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக அவருக்கு ஒரு குளிர் அறை இருக்கிறது. உள்ளே சூரை, அறுக்குளா, பாரை. கரண்ட் போய்ச் சூடு ஏறினால், சுவரில் பூட்டிய பெட்டி தன் வயிற்றிலுள்ள சிம்மால் ஐந்து பேருக்கு வரிசையாக எடுக்கும். செய்தியைக் கேட்டவர் ஒன்றாம் இலக்கத்தை அமத்தினால் பெட்டி வாயை மூடும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.

முதலாம் ஆள் மச்சானே. ஒன்பது மணிக்குப் போனை அணைத்துவிட்டுப் படுப்பவர். இரண்டாம் ஆள் நான். "அத்தானுக்கு எப்பிடியும் நித்திரை வராதுதானே" என்பதுதான் நியமனக் காரணம். பென்சன்காரனுக்கு நித்திரை இல்லை என்று எந்தச் சுற்றறிக்கையில் கண்டாரோ!

இந்தப் பெட்டியை ஒழுங்காக அமைக்கும் முறையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் மாமியைப் பற்றி ஒரு வார்த்தை.

போன வெள்ளி இரவு என் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. மணி அடிக்க, பக்கத்தில் படுத்திருந்த மாமி எடுத்துவிட்டார். பெட்டியில் பதிந்திருப்பது மச்சானின் சொந்தக் குரல். ஆள் வைத்துப் பேசினால் காசு கேட்பார்களாம்.

"குளிர் அறையில் வெப்பநிலை கூடிவிட்டது. ஒன்றை அமத்துங்கோ."

"ஆர், தம்பியோ? என்ன ராசா, குரல் அடைச்சிருக்கு? தடிமனோ?"

"குளிர் அறையில் வெப்பநிலை கூடிவிட்டது."

"குளிரும் காய்ச்சலுமோ? மல்லி அவிச்சுக் குடி மோனை."

"ஒன்றை அமத்துங்கோ."

"ஒண்டென்ன, ரெண்டு கிளாஸ் குடி. இஞ்சியும் தட்டிப் போடு. எங்க அவள்? போனை அவளிட்டக் குடு."

"குளிர் அறையில் வெப்பநிலை கூடிவிட்டது."

"அதைத்தான் சொல்லிப்போட்டியே! உன்ர அப்பரும் இப்பிடித்தான், கேட்டதுக்கு மறுமொழி இல்லை, சொன்னதையே சொல்லிக்கொண்டு நிப்பார். மனிசியோட சண்டையோ? அதுதான் இந்த நேரத்தில எடுக்கிறியோ?"

"ஒன்றை அமத்துங்கோ."

"அவளைக் கொஞ்சம் அமத்தித்தான் வைக்கவேணும். நான் கலியாணத்துக்கு முதலே சொன்னனான்."

இந்த இடத்தில்தான் எனக்கு முழிப்பு வந்தது. போனைப் பறிப்பதற்குள் பெட்டி மாமியைக் கைவிட்டு மூன்றாம் ஆளான லொறிச் சாரதியிடம் போய்விட்டது. அவர் தெரியாத இலக்கத்தை எடுப்பதில்லை. நான்காமவர் கணக்குப்பிள்ளை. எடுத்தார், ஒன்றை அமத்தினார், மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். பெட்டிக்கு அது போதும். "ஒருவருக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது" என்று நிம்மதியாக அடங்கிவிட்டது. விடிய நான் கேட்டதற்கு அவர் சொன்னார்: "நான்தானே ஐயா அமத்தினனான்." மீனைக் காப்பாற்றியவரின் பெருமிதம் அந்தக் குரலில்!

நாமெல்லாம் இந்தக் கணக்குப்பிள்ளைகள்தான். வட்ஸ்அப்பில் மரண அறிவித்தலுக்கும் கட்டைவிரல் போடுகிறவர்களுக்கு ஒன்றை அமத்துவது பெரிய காரியமா?

சரி, அமைக்கும் முறை. முதலில் சிம். இல்லை, கப்பலைச் சொல்லாமல் அது விளங்காது. சீனக்குடாவில் பிறீமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். 2011 ஜூலைக்குப் பிறகு கட்டிய அப்படியான கப்பல்களில், காவல் அதிகாரி தூங்கிவிட்டாரா என்று பார்க்கவே ஒரு அலாரம் கட்டாயம். 3 முதல் 12 நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு மினுங்கும், பொத்தானை அமத்தவேண்டும். விட்டால் 15 வினாடியில் அங்கேயே கத்தும். இன்னுமொரு 15 வினாடி போனால் மாற்று அதிகாரியின் அறையிலோ கப்டனின் அறையிலோ கத்தும். அதற்கும் அசையாவிட்டால் மற்றவர்களும் எழும்பவேண்டியதுதான். எங்கள் பெட்டியோ கணக்குப்பிள்ளையோடு திருப்திப்பட்டுவிட்டது.

பட்டாளமும் திறமில்லை. 1942 ஏப்ரல் 4இல் கனடா விமானி பேர்ச்சல் யப்பான் கப்பற்படை வருவதைக் கண்டு வானொலியில் அறிவித்தார். செய்தி வந்து சேர்ந்தது. மறுநாள் காலை யப்பான் விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்துவிட்டபோதும் இரத்மலானைச் சண்டை விமானங்கள் நிலத்தில் நின்றன. யாரோ ஒன்றை அமத்தியிருக்கவேண்டும். ஏப்ரல் 9இல் எங்கள் ஊருக்கு வந்தபோது ராடார் முன்கூட்டியே காட்ட, விமானங்கள் மேலே ஏறியிருந்தன. திருகோணமலையான் என்பதால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

மீன் பாதி போய்விட்டது. மச்சான் புதுப் பட்டியல் போடுகிறார். மாமி தன் இலக்கத்தை முதலாவதாகப் போடச் சொல்லி நிற்கிறார். மகன் இரவிலாவது நினைத்து எடுக்கிறானாம். நான் மறுக்கவில்லை. எனக்கு ஆறாம் இடம் போதும்.