பெரியப்பா போனில் பார்த்தாயா?

மாமாவின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் செய்து தர ஒப்புக்கொண்டேன். சொந்தக்காரர்கள் கையில் எத்தனை ரகப் போன்கள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதும் அந்த வேலையில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை.

லேப்டாப்பில் மண்டபம் ராஜகம்பீரமாக நின்றது. மாமாவின் போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வலம். இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 2007-இல் முதல் ஐபோன் வந்தபோது வெப்சைட்டுகள் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்காகவே கட்டப்பட்டிருந்தன. அதனால் 320 பிக்சல் அகலமே உள்ள அந்தப் போனின் பிரவுசர், தன் அகலம் 980 என்று பக்கத்திடம் கூசாமல் புளுகும். பக்கமும் நம்பி விரித்துப் படுக்கும். பிறகு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். இன்றைய போன்களும் அந்தப் புளுகை விடவில்லை. வியூபோர்ட் என்று ஒரு வரி எழுதி, ‘உன் நிஜ அகலத்தைச் சொல்’ என்று அதட்டினால்தான் வழிக்கு வருகின்றன.

அதட்டினேன். எழுத்து பெரிதானது, கூடவே மண்டபத்தின் முகப்புப் படம் திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடியது. “வாசல் எங்கேடா?” என்றார் மாமா. விரலால் தள்ளிக்கொண்டே போனால் வரும் என்றேன்.

இந்தத் துன்பத்துக்கெல்லாம் ஈதன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2010 மே மாதம் ஒரு கட்டுரையில் மருந்து எழுதிவிட்டார். படத்துக்கு அதிகபட்ச அகலம் 100% என்று சொன்னால் அடங்கி உட்காரும். பெட்டிகளுக்கு வகுத்தல்: 960 அகலத்தில் 300 பெட்டி என்றால் 31.25 சதவீதம். மூன்றாவது மீடியா கொயரி. இந்த அகலத்துக்கு மேல் போனால் இரண்டு பத்தியாகப் பிரி என்கிற மாதிரி நிபந்தனைகள். வேடிக்கை என்னவென்றால், 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் வெப்சைட்டில் அகலம் பற்றிப் பேச்சே இல்லை. எந்தத் திரையிலும் அது தானாக மடிந்துகொள்ளும். 960 என்று ஆணி அடித்தது பின்னால் வந்த நாம்தான். இப்போது அந்த ஆணியைப் பிடுங்கப் படிப்பு வேறு.

ஒவ்வொரு போனுக்கும் தனி விதி எழுதிவிடலாமே என்று சித்தி மகன் யோசனை சொன்னான். அவன் கையில் இருந்தது மடிக்கிற போன்.

தமிழ் தன் பங்குக்கு விளையாடியது. நான் எடுத்த டெம்ப்ளேட் ‘ஹோம்’, ‘அபௌட்’ என்ற குட்டிச் சொற்களுக்காகத் தைத்தது. அதில் ‘வாகனநிறுத்துமிடம்’ நுழையுமா? சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்துக்கொள் என்று பிரவுசருக்கு அனுமதி கொடுத்தேன். அத்தை போன் பண்ணினாள். “வாகனநிறுத்து சரி, அது என்னடா மிடம்? ஏசி மாதிரி ஏதாவதா?”

எல்லாரையும் சமாளித்த பிறகு மாமா கேட்டார்: “பெரியப்பா போனில் பார்த்தாயா?”

பெரியப்பா போனில் எழுத்து அளவு கடைசிப் படியில் இருக்கும். ஒரு திரைக்கு நாலு வார்த்தை. பட்டன்களின் உயரத்தை எண் போட்டு இறுக்காமல் விட்டிருந்ததால் பிழைத்தேன். எழுத்து வீங்க வீங்க அவையும் வீங்கின. பெரியப்பா நிதானமாகக் கடைசிவரை தள்ளிப் படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. இதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துடு.”

அச்சுக்குத் தனி விதி எழுத 1998-லேயே வழி செய்து வைத்திருக்கிறார்கள். தாள் என்ன அளவு என்று கேட்டேன்.

“பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கு பார், அதுக்குப் பின்னாலேயே அடி.”