சுழல் நிதிக்கு ஒரு சுழி

பெறுநர்: மேலாண்மை மற்றும் வரவு செலவு அலுவலகம், வெள்ளை மாளிகை, வாஷிங்டன்.
பொருள்: சுழி.

தமிழில் கடிதம் எழுதுவோர் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவர். மேற்படி அலுவலகம் சுழியை அடியில், கூட்டுத்தொகை வரும் இடத்தில் போடுகிறது. இடம்தான் வேறு; பக்தியில் குறைவில்லை.

அந்தப் பக்திக்கு அண்மைச் சான்று, 2025 மே 2 தேதியிட்ட கடிதம். அலுவலக இயக்குநர் ரஸ்ஸல் வோட், செனட் ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் சூசன் காலின்ஸுக்கு எழுதியது. 2026 நிதியாண்டுக்கான அதிபரின் பரிந்துரைகள் அதில் அடங்கும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 54.5 சதவீத வெட்டு. உள்கட்டமைப்புச் சட்டம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி போன்றவற்றுக்கு ஒதுக்கிய தொகையில் 1,500 கோடி டாலருக்கு மேல் ரத்து. அந்த இனத்துக்கு ‘பசுமைப் புதிய மோசடி’ என்று பெயர். நாடாளுமன்றம் வாக்களித்து நிறைவேற்றிய ஒதுக்கீட்டை அரசுத் தாளிலேயே மோசடி என்று வைவது கணக்கெழுத்தில் ஒரு புதுமை என்றே கொள்ள வேண்டும். இவற்றோடு, மாநிலங்களின் குடிநீர், கழிவுநீர்ச் சுழல் நிதிகள் ஏறத்தாழ 276 கோடி டாலரிலிருந்து 30.5 கோடியாகச் சுருங்க வேண்டும் என்ற யோசனையும் இருந்தது.

கழிவுநீருக்கான சுழல் நிதி 1987இலும், குடிநீருக்கானது 1996இலும் சட்டமாயின. நடுவண் அரசு தரும் மானியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை மாநிலம் தன் கையிலிருந்து சேர்க்கிறது. சேர்ந்த பணம் குறைந்த வட்டிக் கடனாக ஊர்களுக்குப் போய்ச் சேர்கிறது: ஓரிடத்தில் துருப்பிடித்த குழாய், இன்னோரிடத்தில் உடைந்த சாக்கடை, வேறோரிடத்தில் தாத்தா காலத்துச் சுத்திகரிப்பு நிலையம். ஓர் ஊர் கடனை அடைத்தால் அதே டாலர் அடுத்த ஊருக்குக் கடனாகும். அதனால்தான் அது சுழல் நிதி. சுழலுக்குள் சுழி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த பெருமை முழுவதும் இவ்வலுவலகத்தையே சேரும்.

தண்ணீர்க் கட்டமைப்பின் பொறுப்பை மாநிலங்களே ஏற்கட்டும் என்பது அலுவலகத்தின் வாதம். குடிநீர்க் கட்டமைப்புக்கு மட்டும் இருபது ஆண்டுகளில் 62,500 கோடி டாலர் தேவை என்று 2023இல் கணக்குச் சொன்னது அரசின் சுற்றுச்சூழல் முகமையேதான். அந்தத் தாள் எந்த மேசையின் இழுப்பறையில் இருக்கிறதோ. மாநிலப் பொறுப்பு எப்படியிருக்கும் என்பதற்கு மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரம் முன்மாதிரி. மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகியின் கீழ், செலவைக் குறைப்பதற்காக, 2014 ஏப்ரலில் அந்நகரம் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து அந்த நீரில் சேர்க்கப்படவில்லை. ஈயம் கரைந்து வீட்டுக் குழாய்க்கு வந்து, பிள்ளைகளின் இரத்தத்தில் ஏறியது. ஃபிளிண்டுக்குப் பிறகும் ‘மாநிலம் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுத ஒரு கை துணியுமானால் அதற்குப் பெயர் சிக்கனம் அல்ல, அயோக்கியத்தனம்.

நடை சற்றே சுழித்து ஓடிவிட்டது. அலுவலகத்தின் எண்கணிதப் புலமைக்குத் திரும்புவதே முறை.

அந்தப் புலமை முழுதாக வெளிப்பட்டது பேரேரிகள் விஷயத்தில். உலகின் நிலப்பரப்பின் மேலுள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஐந்து ஏரிகளில் இருக்கிறது. அவற்றின் மீட்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டாலர் பெற்றுவந்த அத்திட்டத்துக்கு 2017இல் அலுவலகம் பரிந்துரைத்த தொகை சுழி. அடுத்த ஆண்டுப் பரிந்துரை 3 கோடி. 30இல் மூன்றை எடுத்துவிட்டுச் சுழியை மட்டும் வைப்பது முதலாண்டு உத்தி. சுழியை எடுத்துவிட்டு மூன்றை மட்டும் வைப்பது இரண்டாமாண்டு உத்தி. மூன்றாம் ஆண்டும் அதே மூன்று. பிறகு 2019 மார்ச் 28 அன்று மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் கூட்டத்தில் 30 கோடியும் முழுதாக உண்டு என்று அதிபர் அறிவித்தார். காணாமல்போன சுழி ஒரே மாலையில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. மிச்சிகன் தேர்தலில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எண்ணுவது அலுவலகத்தின் மாண்புக்கு இழுக்கு.

ஏரிக்கு இந்த நுட்பங்கள் புரிவதில்லை. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்தது. டொலிடோ வட்டாரத்தில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஏறக்குறைய மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்க முடியவில்லை. கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு போகாது, இன்னும் செறியும்.

இந்தச் சுழிகளைக் கண்ட சுற்றுச்சூழல் அமைப்புகள் முகம் சுழிப்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. 150க்கு மேற்பட்ட அமைப்புகளைக் கொண்ட ‘ஹீலிங் அவர் வாட்டர்ஸ்’ கூட்டமைப்பு, இரு கட்சி உறுப்பினர்களின் கதவையும் தட்டியது. மீட்புத் திட்டத்தின் ஒவ்வொரு டாலரும் 2036க்குள் 3.35 டாலர் பொருளாதாரப் பயன் தரும் என்ற மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வு அவர்களுக்குக் கைகொடுத்தது. நாடாளுமன்றம் 2018க்கும் 2019க்கும் 30 கோடியும், 2020க்கு 32 கோடியும் ஒதுக்கியது. பெருக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நாட்டில் இருக்கிறார்கள் என்பது அலுவலகத்துக்கு வருத்தம் தரக்கூடிய செய்தி.

சுழி தொற்றக்கூடியது. வருமானம் குறைந்த ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் தரவிருந்த 700 கோடி டாலர் ‘சோலார் ஃபார் ஆல்’ திட்டத்தை 2025 ஆகஸ்ட் 7 அன்று சுற்றுச்சூழல் முகமையே ரத்துசெய்தது. 60 அமைப்புகளுக்கு 2024இல் வழங்கப்பட்ட மானியம் அது. ‘ஆல்’ என்றால் எல்லோரும். எல்லோருக்கும் சமமாகச் சுழி.

அலுவலகத்தின் கோப்பில் சேர்த்துவைக்க ஒரு பழைய தகவலும் உண்டு. 1970இல் சுற்றுச்சூழல் முகமையை நிறுவிய அதே அதிபர் நிக்சன், 1972 அக்டோபர் 17 அன்று தூய நீர்ச் சட்டத்தைத் தடுப்பதிகாரத்தால் மறுத்தார். அவர் சொன்ன காரணம், செலவு அதிகம். செனட் 52க்கு 12 என்றும், பிரதிநிதிகள் அவை 247க்கு 23 என்றும் வாக்களித்து அந்த மறுப்பைத் தள்ளின. அக்டோபர் 18 அன்று அது சட்டமாயிற்று.