பச்சை ரத்தம்

பப்ஜிக்காரர்களின் மத நல்லிணக்கத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 2020 ஜூனில் ஆட்டத்துக்குள் சிலைத் தூண்கள் நட்டார்கள்; வணங்கினால் தெம்பு ஏறும். வளைகுடாவில் மனம் புண்பட்டது. வணக்கம் உடனே நீக்கம். சுடுவது அப்படியே, அதில் யார் மனமும் புண்படவில்லை பாருங்கள். சீன எல்லைத் தகராறு; செப்டம்பரில் இந்தியாவில் தடை. 2021-இல் பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தபோது ரத்தம் பச்சை! கீரை மசியல் போலச் சாத்விகமாகச் செத்து விழுகிறார்கள்.

ஹைதராபாத்தின் உப்பல் மெட்ரோ அடியில் இரானி டீ ஆறிக்கொண்டிருக்க, நம்மூர்ப் பையன் ஒருவன் நாலு பேரை முடித்துவிட்டுப் போனை எடுத்தான்.

"நாளைக்குப் பரீட்சைடா. பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுப் போ, தெம்பா இருக்கும்."

"அதை அப்பவே தூக்கிட்டாங்கம்மா."