எரியாத விளக்கின் சாட்சியம்

திருப்பூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குறைவு விளக்கைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே வகைதான்: 'டேங்க் நிறைய இருக்குது, லைட் மட்டும் எரிஞ்சுட்டே இருக்குதுங்க.' விளக்கு எரியவே இல்லை என்று வண்டியை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் விடுபவர் அரிது. இந்த ஆய்வின் துணிபு இதற்கு நேர்மாறானது. ஓயாமல் எரியும் விளக்கு சில்லறைக் கோளாறு. ஒருபோதும் எரியாத விளக்கே பெருங்கோளாறு. பழுது தேடும் கை முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி எண்ணிச் சொல்லும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று; ஒரு பொருள் அங்கே இல்லை என்று அறிவது அது. நம் ஓட்டுநர் அதற்கும் ஒரு படி மேலே போகிறார். விளக்கில் ஒளி இல்லை என்பதிலிருந்து டேங்கில் பெட்ரோல் உண்டு என்று முடிவுகட்டி, பல்லடம் ரோட்டில் நாலாவது கியர் போடுகிறார். அளவைவாதி அந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டார்.

விளக்கின் உள்விவகாரத்தைப் பார்த்தால் ஓட்டுநரின் இந்தத் துணிச்சல் எவ்வளவு ஆதாரமற்றது என்பது புரியும். பழைய கார்கள் பலவற்றில் டேங்கின் அடிப்பக்கம் தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள் இருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரை அது குளிர்ந்து கிடக்கும். மின்தடை அதிகம், விளக்குக்குப் போதிய மின்சாரம் போகாது. பெட்ரோல் இறங்கி அது வெளியே தெரிந்ததும், தன்னூடே ஓடும் மின்சாரத்தாலேயே சூடேறும், தடை குறையும், விளக்கு எரியும். சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால், சாவி போட்ட மறுகணம் டேஷ்போர்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது அவசரம். வளைவில் மின்னி மறைவதும் கோளாறல்ல, உள்ளே பெட்ரோல் அலைவதன் விளைவு. இனிக் கோளாறுகளை எண்ணலாம். பல்பு ஃபியூஸ் ஆனால் இருள். ஒயர் அறுந்தால் இருள். கனெக்டர் துருப்பிடித்தால் இருள், எர்த் விட்டுப்போனால் இருள், தெர்மிஸ்டரே செத்தாலும் இருள். ஒளியின் பக்கம் நிற்பவை இரண்டுதான்: ஒயர் உராய்ந்து பாடியைத் தொடுவது, தெர்மிஸ்டர் ஷார்ட் ஆவது. ஐந்துக்கு இரண்டு. பெட்ரோல் நிறைய இருக்கும்போது வரும் அதே இருளைத்தான் இந்த ஐந்தும் தருகின்றன.

இதற்குத் திருப்பூர் தன் பங்கைச் சேர்க்கிறது. நிட்டிங்கில் இருந்து டையிங், அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு பிரிண்டிங், எம்பிராய்டரி என்று துணி ஊர் முழுக்க அலையும் தொழில் இது. சாம்பிளும் லேபிளும் பட்டனும் டெலிவரி சலானும் ஏறும் பழைய கார்களுக்குப் பெட்ரோல் பெரும்பாலும் 200 ரூபாய், 300 ரூபாய் கணக்கில்தான் ஊற்றப்படும். அப்படி ஓடும் டேங்க் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை விளக்கு எரியும் மட்டத்திலேயே கழிக்கிறது. 'லைட் வந்தாலும் இன்னும் 30 கிலோமீட்டர் தாராளமா போகுமுங்க' என்பது இந்தப் பிரிவினரின் ஆகமம். எந்தக் காருக்கு, எந்த மேட்டில் என்று கேட்கக் கூடாது. இழைப் பல்புக்கு ஆயுள் உண்டு. ஓயாமல் எரிவது முதலில் கருகும். எச்சரிக்கையை மதிக்காதவர்களின் வண்டியில்தான் எச்சரிக்கை முதலில் அணைகிறது. அணைந்த பிறகு அதை அவர்கள் பெட்ரோல் இருப்பதற்குச் சான்றாகவும் கொள்கிறார்கள்.

நிட்டிங் முதலாளி ஒருவர் இங்கே மறுக்கக்கூடும்: 30 டயா மிஷினில் 90 ஃபீடர் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, அதில் இரண்டு மூன்று எரியாமலே வருஷக்கணக்கில் கிடக்கும், என்ன கெட்டுப்போயிற்று? நியாயமான கேள்வி. ஆனால் அங்கே நூல் அறுந்ததும் ஃபீடரின் கம்பி விழுந்து மிஷினே நின்றுவிடும். விளக்கின் வேலை எந்த ஃபீடர் என்று காட்டுவது மட்டும். அது எரியாவிட்டால் ஆபரேட்டர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான். நிறுத்தும் கட்டளையும் காட்டும் விளக்கும் அங்கே வேறு வேறு. காரின் விளக்குக்கு நிறுத்தும் அதிகாரம் கிடையாது; காரை நிறுத்துவது பெட்ரோலின் இன்மை, அதுவும் அவினாசி ரோட்டில் ஷிஃப்ட் விடும் நேரமாகப் பார்த்து.

பெட்ரோல் மீட்டரின் முள் இருக்கிறதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் முள்ளுக்கான மிதவையும் விளக்குக்கான தெர்மிஸ்டரும் பெரும்பாலும் டேங்கில் ஒரே யூனிட்டில், ஒரே எர்த்தை நம்பி இருப்பவை. ஒரே வீட்டு இரண்டு சாட்சிகள். இருந்தாலும் அவர்கள் முரண்படும்போது பயன் உண்டு. பழைய வகை மீட்டர்களில் எர்த் விட்டுப்போனால் முள் காலி என்று படுத்துவிடும், விளக்கோ எரியாது. இப்படிக் கண்டால் பல்பைக் கழற்றும் முன் எர்த்தைத் தேடலாம். முள் பாதிக்கு மேல் நிற்க, விளக்கும் எரிந்தால், டேங்க் யூனிட்டின் கனெக்டரைக் கழற்ற வேண்டும். விளக்கு அணைந்தால் குற்றம் யூனிட்டில், அணையாவிட்டால் வழியில் உராயும் ஒயரில். எரியாத விளக்குக்கோ, கழற்றிய கனெக்டரில் விளக்கு ஒயரை மட்டும் ஒரு டெஸ்ட் லேம்ப் வழியாக பாடியில் தொட வேண்டும். டேஷ்போர்டில் சிறிதேனும் வெளிச்சம் வந்தால் பல்பும் ஒயரும் நிரபராதி. பெட்ரோல் ஆவி நிற்கும் இடத்தில் பொறி பறக்கும் வேலை இது. டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வது ஆராய்ச்சி ஆகாது.

கருகிய பல்புக்குப் பதில் எல்.இ.டி. மாட்டினால் ஆயுசுக்கும் தொல்லை இல்லை என்போரும் உண்டு. குளிர்ந்த தெர்மிஸ்டர் வழியே கசியும் சொற்ப மின்சாரம் இழைப் பல்பை எரிக்காது, எல்.இ.டி.க்கு அதுவே போதும், மங்கலாக எப்போதும் மினுங்கும். இருளென்றும் ஒளியென்றும் சொல்ல முடியாத அந்தச் சாட்சியை எந்த அளவையில் சேர்ப்பது? பழைய இழைப் பல்பையே மாற்றிவிடுவதுதான் மலிவு. கப்பலைத் தவறவிட்ட சரக்கை விமானத்தில் ஏற்றி, கூலியைக் கைப்பணத்தில் கட்டிய எக்ஸ்போர்ட்டர்கள் இந்த ஊரில் உண்டு. அப்ரூவல் சாம்பிளோடு ஒரு கார் வழியில் நின்றதும் அந்தத் தாமதத்தில் சேரலாம். அந்தக் கணக்கில் அந்தப் பல்பின் விலையை எந்த ஆடிட்டரும் தனி வரியில் எழுத மாட்டார்.