அரைப்பேர் பற்றரி

ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில், கொழும்பு வெயிலுக்குத் தப்பிவரும் கனவான்களாலும் அவர்தம் குடும்பத்தாராலும் நுவரெலியா நகரம் நிரம்பி வழியும் வேளையில், மகாகஸ்தொட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைவுகளில் மோட்டார் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏறவிட்டு, எது குறைந்த நேரத்தில் உச்சியை அடைகிறதெனக் கணக்கெடுக்கும் வைபவம் ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டில் தொடங்கிய சம்பிரதாயம் அது. மலைநாட்டில் பிறந்தவனுக்குச் சமதரையில் ஓடுவது பிரயாணம், ஏறுவதே பந்தயம்.

அந்த வைபவத்தில் கலந்துகொள்ளும் பேராசையுடன், உடப்புசல்லாவையில் என் வீட்டுக் கொட்டகைக்குள் 1964ஆம் வருஷத்து ஆஸ்டின் மினி ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள அப்பாவி வண்டி. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள மெல்லிய காற்று இஞ்சினின் வலுவில் ஆறில் ஒரு பங்கையாவது முதலிலேயே கவர்ந்துகொள்கிறது. ஆகாயத்தின் மீது வழக்குத் தொடுக்க இயலாதாகையால், பாரத்தைக் குறைப்பதென்று தீர்மானித்தோம். லோட்டஸ் வண்டிகளை நிர்மாணித்த காலின் சாப்மன் இதையே தம் சித்தாந்தமாகக் கொண்டு உலகப் பந்தயங்களை வென்றார் என்பது என் மைத்துனரின் வாதம். வண்டியைச் செலுத்தப்போகிறவர் அவர். பின்னாசனத்தைக் கழற்றினோம், தரைவிரிப்பைக் கழற்றினோம், அடுத்தபடியாகச் சாரதியின் தேகபாரத்தைப் பற்றி நான் மிகவும் நயமாகப் பேச்செடுத்தபோது, அவர் பற்றரியின் பாரத்தைப் பற்றிப் பேசலானார்.

பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. 1859இல் பிரான்ஸ் தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈயப் பற்றரி இன்றும் ஈயத்தால்தான் ஆகிறது. ஈயமோ தண்ணீரைப்போல் பதினொரு மடங்கு கனம். எங்கள் வண்டியிலிருந்தது 14 கிலோ. மேலும், மினியில் பற்றரி இருப்பது டிக்கியில், இழுப்பவையோ முன்சக்கரங்கள். மேட்டில் ஏறும்போது பாரமெல்லாம் பின்னோக்கிச் சாய, முன்சக்கரங்கள் பிடிமானமிழந்து வெறுமனே சுழலும். ஆகவே டிக்கியிலிருந்து ஒரு கிலோவைக் கழிப்பது புண்ணியத்தின்மேல் புண்ணியம்.

போட்டிக்கு வந்தவை இரண்டு. அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சிவைத்த சிறிய ஈயப் பற்றரி ஒன்று. மைத்துனர் கொழும்பிலிருந்து இரவல் பெற்றுவந்த லிதியம் பற்றரி மற்றொன்று. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பலாகாதென்று, பழைய பற்றரியையும் சேர்த்து மூன்றையும் கொழுந்து மடுவத்துத் தராசுக்கு எடுத்துச் சென்றோம். மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்த சமயம். கணக்கப்பிள்ளை பழைய பற்றரியைக் கொக்கியில் மாட்டி, முள்ளைப் பார்த்து, சிறிதும் தயங்காமல், "பன்னெண்டு" என்றார்.

"பதினாலு காட்டுதே?" என்றேன்.

"ஈரத்துக்கும் சாக்குக்கும் ரெண்டு கழியும், சேர்."

வரிசையில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். எத்தனையோ வருஷங்களாகத் தங்கள் கொழுந்தில் கழிந்துவந்த கிலோக்கள் அன்று ஒரு மோட்டார் வண்டியின் பற்றரியிலும் கழிந்ததில் அவர்களுக்குப் பரம திருப்தி. பாரத்தைக் குறைக்க இதைவிட மலிவான மார்க்கம் உலகத்தில் இல்லையென்று எனக்கும் பட்டது. சிறிய ஈயப் பற்றரி கழிவுபோக ஐந்து கிலோ. லிதியம் பற்றரியின் முறை வந்தபோது முள் மூன்றில் நின்றது, கழித்தால் ஒன்று. "சேர், இதுக்கு அரைப்பேருதான் விழும்," என்றாள் ஒரு மூதாட்டி. கொழுந்தின் நிறை குறைந்தால் தோட்டத்தில் விழும் அரைநாட் சம்பளத்துக்குப் பெயர் அது.

உண்மையில் முழுப்பேர் பெறத்தக்க சாமான்தான் அது. லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலங்கள் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட், ஸ்டார்ட்டரைச் சுழற்றும் சக்தியில் ஈயத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. குளிரில் மட்டும் சோம்பேறி: பனிமூட்டமுள்ள காலையில் முன்விளக்குகளைச் சிறிது நேரம் எரியவிட்டுச் சுப்ரபாதம் பாடினாலன்றி எழுந்திருக்காது.

தடை வேறிடத்திலிருந்து வந்தது. எங்கள் மினிக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர் அன்று, டைனமோ. அதை ஆள்வது, துடிக்கும் தொடுமுனைகளைக் கொண்ட ரெகுலேட்டர் பெட்டி. குளிர்ந்த ஈயப் பற்றரிக்கு அதிக வோல்ட் வேண்டுமென்பதால், குளிர் கூடக்கூடத் தானும் வோல்ட்டைக் கூட்டும்படி அந்தக் காலத்து மேதைகள் அதை அமைத்துவிட்டார்கள். ராகலை கராஜ் பாஸ் வோல்ட்மீட்டரை வைத்து இஞ்சினை உறுமவிட்டபோது முள் 15ஐத் தாண்டிற்று. ஈயம் அதைக் கொஞ்சம் தண்ணீரை வாயுவாக்கி ஜீரணித்துக்கொள்ளும். லிதியத்தின் எல்லை 14.6. அதற்கு மேலே போனால் உள்ளிருக்கும் காவல் சுற்று, பந்தயம் நடக்கிறதா பஜனை நடக்கிறதா என்று பாராமல், தொடர்பைத் துண்டித்துவிடும்.

ஆல்டர்னேட்டர் பொருத்திவிடலாமே என்றார் மைத்துனர். அந்த வண்டியில் நேர்முனையே உடலோடு இணைந்திருப்பதால், அதையும் புரட்டவேண்டும் என்றார் பாஸ். அப்படியே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் 1964ஆம் வருஷத்தில் மிஞ்சப்போவது இலக்கத்தகடு மாத்திரமே என்றேன் நான்.

முடிவில் கண்ணாடியிழைப் பாய்ப் பற்றரியே டிக்கியில் அமர்ந்தது. ரெகுலேட்டரைச் சற்று இறக்கிவைத்த பின்பும் அரை வோல்ட் முன்பின்னாவதை அது பொறுத்துக்கொள்கிறது; வளைவுகளில் அமிலமும் சிந்துவதில்லை. பாரத்தில் பாதி குறைந்தது.

டைனமோ வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் லிதியம் வாங்க உத்தேசித்தால், முதலில் ஓர் அதிகாலைக் குளிரில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்கக்கடவர். முள் 14.6ஐத் தாண்டினால், அந்தப் பணத்துக்கு முன்சக்கரங்களுக்கு நல்ல டயர்களாக இரண்டு வாங்கிவிடுங்கள்.