வெயிலில் நிற்றல்: 40 புள்ளி

கனகராயன்குளத்தால் ஏ-9 வீதியில் எத்தனையோ பெரியவர்கள் போய் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் திடீரென்று இந்தப் பக்கத்துப் பாடசாலை ஏதாவதொன்றின் வாசலில் இறங்கிவிடுவார். இறங்கினால் பாண்ட் அடித்தாக வேண்டும். நடந்து வர அவருக்குக் கால் இருக்கிறது, ஆனால் தாளம் இல்லாமல் அது எழும்பாது.

சாதாரண தரத்தில் மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடம். செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பாண்ட் பாடமல்ல. வருடக்கணக்காக சைட் டிரம் சுமந்த பிள்ளையின் பெறுபேற்றில் அதற்கென்று ஓரெழுத்தும் கிடையாது. அந்தக் குறையைப் போக்க நானே ஒரு புள்ளித்திட்டம் தயாரித்திருக்கிறேன். அமைச்சு விரும்பினால் சுற்றுநிருபமாக அனுப்பட்டும்.

வெயிலில் நிற்பதற்கு 40. அழைப்பிதழில் எட்டரை என்றால் பிள்ளைகள் ஏழு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். ஒன்பதுக்கு ஒரு சேதி வரும்: "சேர் புளியங்குளம் தாண்டிட்டாராம்." பத்துக்கும் அதே சேதிதான். இடையில் எத்தனை புளியங்குளம் முளைத்ததோ! ட்ரம்பெட்டின் வாய் சுட்டு உதட்டில் வைக்க முடியாமல் ஒரு சின்னவன் அதைச் சட்டைக்குள் பொத்தி வைத்திருப்பான். டிரம் வார் உரஞ்சிய தோளில் ஒருத்தி கைக்குட்டையை மடித்துச் செருகியிருப்பாள். மயங்கி விழுந்தால் 10 புள்ளி வெட்டு. விருந்தினர் இறங்கிய பிறகு விழுந்தால் 20. விழுவது படத்தில் விழுந்துவிட்டால் முழுதும் போச்சு.

உடுப்புக்கு 25. குஞ்சம் வைத்த சட்டை, கையுறை, இறகுத் தொப்பி. கூலி வேலைக்குப் போகிற தாயிடம் இதற்குக் காசு கேட்க நமக்கு வாய் கூசுவதில்லை. கல்வி 1945இலிருந்து இலவசம்தான். இறகு தனிக் கணக்கு.

பணிவுக்கு 30. "எத்தனை மணிக்கு வருவார் சேர்?" என்று கேட்ட பிள்ளைக்கு இதில் பூச்சியம்.

மிச்சம் 5 இசைக்கு. வரவேற்புக்கு ஒரு மெட்டு, கொடியேற்ற ஒரு மெட்டு, இரண்டும் காதால் கேட்டுப் பிடித்தவை. ஐந்து கோட்டில் சுரம் வாசிக்க யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. விழாவுக்கு முதல் வாரம் ஒருவர் வந்து பழக்குவார், விழா முடிந்ததும் அவரும் இல்லை. இடைவேளையில் ஆசைக்கு டிரம்மைத் தட்டினால் ஏச்சு விழும். வாத்தியம் அலுமாரிக்குள் போய்விடும், சாவி அதிபரின் மேசைக்குள்.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் 2002இல் பாதை திறந்தபோது ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் வரிசையில் நின்றவர்கள். 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் நின்றவர்கள். நிற்பதில் இவர்களுக்குப் பரம்பரைத் தேர்ச்சி உண்டு என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் போலும். அன்று நிறுத்தி வைத்தவனின் கையில் துவக்கு இருந்தது. இன்று நிறுத்தி வைக்கிறவர்களின் கையில் பூமாலை இருக்கிறது. பிள்ளையின் கால் உளைவு மட்டும் மாறவில்லை.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஓய்வும் விளையாட்டும் கலையும் பிள்ளையின் உரிமை என்கிறது அதன் 31ஆம் உறுப்புரை. ஒக்டோபர் 1, சிறுவர் தினத்தன்று, விருந்தினர் மேடையேறி அதை விளக்குவார். அவரை மேடைவரை கூட்டிவருவதும் பாண்ட்தான்.

புள்ளி போடுவதென்று இறங்கியாயிற்று, அவரை மட்டும் ஏன் விடுவான்? தவணை முடிவில் அவருக்கும் ஒரு முன்னேற்ற அறிக்கை போகட்டும். நேரத்துக்கு வருதல்: டபிள்யூ. பேச்சைச் சுருக்குதல்: டபிள்யூ. மாலைக்குக் கழுத்தை நீட்டுதல்: ஏ. பாதுகாவலர் கையொப்பம் வேண்டுமே என்று அதிபர் தடுமாறத் தேவையில்லை. பின்னால் இரண்டாவது வாகனத்தில் துவக்கோடு வருகிறாரே மெய்ப்பாதுகாவலர், அவர் வைக்கட்டும்.