மாடில்லாத மாட்டுக்காரர்

கோவைப் பக்கம் ஏதாவதொரு மாட்டுத்தீவனக் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை சற்று நேரம் நின்றால் அவரைப் பார்த்துவிடலாம். பணி ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா, கக்கத்தில் ஒரு நோட்டு. பருத்திக்கொட்டை மூட்டைக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவே நின்று, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதுபோல் சோளத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார்.

“ஏனுங் சார், மாடு எத்தனைங்க?” என்பார் கடைக்காரர்.

“மாடெல்லாம் இல்லீங்க. மூணாவது மாடி.”

இந்த மூட்டை மோகம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. 2022 ஜூலை 18 அன்று தொற்றியது. பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்கும் அரிசி, பருப்புக்கு அன்று முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆனால் 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கு அந்த வரி இல்லை. கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வந்து இறங்கியது. ஊரார் கண்ணுக்கு அதில் ஒரு கிலோ அரிசிதான் கூடுதலாகத் தெரிந்தது. நம்மவருக்கோ ஞானமே கிடைத்துவிட்டது: சின்னதாக வாங்குகிறவன்தான் தண்டம் கட்டுகிறான்! மாட்டுத் தீவனத்துக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது என்பது தெரிந்த பிறகு அவரை வீட்டில் கட்டிவைக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. இந்தியா முன்மொழிய, 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. தாத்தா காலத்தில் வேறு வழியில்லாமல் குடித்த கம்பங்கூழ், ஏ.சி. கடையில் சணல் நாடா கட்டிய பாக்கெட்டில் கம்பாக உட்கார்ந்திருந்தது. அங்கே அதன் பெயர் ‘பாரம்பரிய உணவு’. தீவனக் கடையில் அதே கம்புக்குப் பெயர் ‘புறாத் தீனி’. பெயர் மாறியதற்கு எவ்வளவு, சணல் நாடாவுக்கு எவ்வளவு என்று நோட்டில் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்.

வீட்டம்மா போட்ட கணக்கு வேறு. மனிதர் தின்னும் தானியத்துக்குக் கல் நீக்கி, உமி நீக்கி, ஈரப்பதம் பார்க்கும் உணவுப் பாதுகாப்புத் தரம் உண்டு. புறா அப்படியெல்லாம் புகார் கொடுப்பதில்லை. ஆகவே கம்பு வந்த மறுநாள் முதல் வீட்டில் முறம் சத்தம் ஓயவில்லை. புடைத்த கூலி, ஆட்டோ வாடகை, மூட்டையை மூன்று மாடி ஏற்றிய இடுப்பு வலிக்குத் தைலம் ஆகியவற்றுக்கு அந்த நோட்டில் பத்தி கிடையாது.

மக்காச்சோளத்தில் கை வைத்தபோது கடைக்காரரே தடுத்தார். “அது வேண்டாமுங்க. ஈரம் பட்டிருந்தா பூஞ்சை புடிச்சிருக்கும்.” நியாயமான பேச்சு. அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டுக்கு அசையாது. கல்லீரலைத்தான் பதம் பார்க்கும். அவரும் ஒப்புக்கொண்டு, வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கினார்.

வினை உப்பில்தான் விளைந்தது. அயோடின் கலக்காத உப்பை மனிதர் நேரடியாக உண்பதற்கு விற்கக் கூடாது என்று 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். இதையெல்லாம் படித்திருந்த வீட்டம்மா, மூட்டையைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. “ஏங்க, மாட்டுக்கு வித்த உப்புல ரசம் வச்சா, குடிக்கிறவங்க கழுத்துல மணியும் கட்டணுமா?” உப்பு பால்கனிக்குப் போயிற்று. மழைக்காலத்தில் கசிந்து, இரண்டாவது மாடிக்காரரின் துவைத்த துணியில் வெள்ளைக் கோலம் போட்டது.

அவர் பக்கமும் வெற்றிகள் உண்டு. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சினால் பருத்திப்பால். மதுரைத் தெருக்களில் மாலையானால் தள்ளுவண்டியில் ஆவி பறக்கும் சரக்கு. மாடு தின்னும் கொட்டைதான் அதற்கும் மூலம் என்று நிரூபித்த அன்று, பேரன்கூட இரண்டாவது டம்ளர் கேட்டான்.

அந்த உற்சாகத்தில் மாடித்தோட்டத்துக்கென்று கடலைப்புண்ணாக்கை வாளித் தண்ணீரில் ஊறவைத்தார். மூன்றாம் நாள் அடுக்குமாடிச் சங்கம் சாக்கடை அடைப்பு எடுக்க ஆளைக் கூட்டிவந்தது. அடைப்பு எங்கும் இல்லை. வந்தவர் மோப்பம் பிடித்துக்கொண்டே மொட்டைமாடி ஏறி, வாளியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கூலி வாங்கிக்கொண்டு போனார். செடிகள் மட்டும் செழித்தன.

கடைசி மூட்டை சோளம். அதற்குள் வேறொரு குடித்தனம் ஏற்கெனவே வந்திருந்தது. தாய் வண்டு ஒவ்வொரு மணியாகத் துளைத்து, உள்ளே ஒரு முட்டை வைத்து, வாயை மூடிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகத்தான் வெளியே வரும். எனவே வாங்கும்போது உள்ளங்கையில் எத்தனை உருட்டினாலும் தெரியாது. அவர் வேப்பிலை போட்டார், வசம்பு போட்டார், வெயிலில் காயப்போட்டார். பிறகு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு வாங்கிவந்தார். துளைகள் போட்ட குழாய். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி நுழையும் வண்டுகள் அடியில் விழும், ஏற முடியாது. அருமையாக வேலை செய்தது. தினமும் காலையில் காபிக்கு முன் வண்டுகளை எண்ணி நோட்டில் எழுதினார். எண்ணிக்கை மூன்று இலக்கத்தைத் தொட்ட அன்று வீட்டம்மா பால்காரரைக் கூப்பிட்டார்.

“குடுங்கம்மா, அரைச்சு மாட்டுக்குப் போட்டுக்கறனுங்க” என்று பால்காரர் மூட்டையை அலுங்காமல் தோளில் ஏற்றி மூன்று மாடியும் இறங்கினார். மறுநாள் அரை லிட்டர் பால் கூடுதலாக ஊற்றினார். காசு வாங்கவில்லை. நம்மவர் நோட்டைத் திறந்து, வரவுப் பக்கத்தில் ‘பால் ½ லிட்டர்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

அடுத்த ஞாயிறு அதே சட்டை, அதே பேனா, அதே கடை.

“ஏனுங் சார், மாடு எத்தனைங்க?”

கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணுங்க.”